சும்மா நிற்கும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

செல்பேசியில் ஒரு பிரியாணிக்கு ஆர்டர் போட்டால் ஓரிரு நிமிடத்துக்குள் ஒருவருடைய பெயர் திரையில் வந்துவிடுகிறது. அவர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று வரைபடத்தில் ஒரு வண்டி நகர்கிறது. வேளச்சேரியிலும் அண்ணா நகரிலும் மதியம் ஒரு மணிக்கு இது ஓயாமல் நடப்பதால் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் இது நடப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நாம் விரலை வைக்கும் அந்த நொடியில், அந்தக் கடைக்குப் பக்கத்தில், கையில் வேறு ஆர்டர் இல்லாமல் ஒருவர் இருந்தாக வேண்டும். அதாவது நமக்குப் பசிக்கத் தொடங்கும் முன்பே அவர் அங்கே வந்து நின்றிருக்கிறார். அப்படி நின்ற நேரத்துக்கு அவருக்குக் கிடைத்த கூலி என்ன?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆர்டர் விழுந்து, பொருளை எடுத்து, வீட்டு வாசலில் கொடுத்தால்தான் காசு. டெலிவரி ஊழியரின் வருமானம் ஏன் ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிறது, ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது, பத்து மணி நேரம் வெயிலில் கிடந்தும் வண்டி டியூ கட்டுவதற்கு ஏன் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்று கேட்டால், நிறுவனங்களின் பேராசை, ஊழியர்களின் சோம்பல் என்று அவரவருக்குப் பிடித்த பதில் வருகிறது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது காத்திருப்பின் கணிதம். அந்தக் கணிதம் நூறு வயதைத் தாண்டியது. அது தெரிந்தால் இந்தத் தொழிலில் பணம் எங்கே ஒழுகுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் கிராருப் எர்லாங் 1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நிறுவனத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. இணைப்புகளை நிறையப் போட்டால் பாதி சும்மா கிடக்கும். குறைத்துப் போட்டால் அழைப்பவர்கள் காத்துக் கிடப்பார்கள். எத்தனை போடுவது? அழைப்புகள் சீராக வந்தால் கணக்கு எளிது. மணிக்கு 60 அழைப்பு என்றால் நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு அழைப்பதில்லை. ஒரு நிமிடத்தில் நான்கு வரும், அடுத்த மூன்று நிமிடம் ஒன்றுமே வராது. இந்தக் கொத்துக் கொத்தான வருகைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று எர்லாங் 1909இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ட பரவல் அது. இன்று மருத்துவமனைப் படுக்கை முதல் இணையத் தரவுப் போக்குவரத்து வரை பயன்படும் வரிசைக் கோட்பாடு அங்கிருந்துதான் தொடங்கியது.

அந்தக் கோட்பாட்டில் என்னை முதலில் அசத்தியது இந்தச் சின்னக் கணக்கு. ஒரே ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஒரு கவுன்ட்டர். ஆட்கள் தற்செயலாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் தன் நேரத்தில் பாதி வேலை செய்து பாதி சும்மா இருந்தால், வருகிறவர் தன் முறைக்காகச் சராசரியாக ஓர் ஆளின் வேலை முடியும் நேரம் நிற்க வேண்டும். கவுன்ட்டர்க்காரருக்கு 80 சதவீத நேரம் வேலை கொடுத்தால் அந்த நிற்கும் நேரம் நான்கு மடங்காகிறது. 90 சதவீதமென்றால் ஒன்பது மடங்கு. 95 சதவீதமென்றால் 19 மடங்கு. அவரைச் சும்மாவே விடக்கூடாது என்று 100 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் வரிசை முடிவில்லாமல் நீளும். கவுன்ட்டர்க்காரர் எவ்வளவு வேகமானவர், எவ்வளவு நாணயமானவர் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வருகை தற்செயலாக இருக்கும்வரை இதிலிருந்து தப்ப வழியில்லை.

இதைத் திருப்பிப் படியுங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது என்றால் ஊழியர் காத்திருந்தே ஆக வேண்டும். காத்திருப்பை யாராலும் ஒழிக்க முடியாது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளத்தான் முடியும். பத்து நிமிடத்தில் மளிகைச் சாமான் வீட்டுக்கு வரும் என்ற வாக்குறுதியை நாம் தொழில்நுட்பத்தின் சாதனையாகப் பார்க்கிறோம். அதன் அடியில் இருப்பது, ஏராளமான இளைஞர்கள் ஏராளமான நேரம் வேலையில்லாமல் தயாராக நிற்பது. அந்த நிற்றல்தான் நமக்கு விற்கப்படும் சரக்கு.

காத்திருப்பதற்குக் கூலி கொடுப்பது உலகத்துக்குப் புதிதல்ல. தீயணைப்பு நிலையத்தில் நாள் முழுவதும் மணி அடிக்காவிட்டாலும் வீரர்களுக்குச் சம்பளம் உண்டு. 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அழைப்பு வராத மணி நேரத்திலும் பணிக்கணக்கு ஓடுகிறது. தயாராக இருப்பதே அந்த வேலையின் பெரும்பகுதி என்பது எல்லோருக்கும் தெரியும். எர்லாங்கின் நிறுவனமும் சும்மா கிடக்கும் இணைப்புகளின் செலவைத் தானே ஏற்றது. அதனால்தான் ஒரு கணிதரை வைத்து, அதை எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போடச் சொன்னது. சும்மா இருக்கும் நேரத்துக்குத் தன் பையிலிருந்து காசு போகிறவர்தான் அதைக் கவனமாக எண்ணுவார்.

டெலிவரி செயலிகளில் அந்தப் பையே மாறிவிட்டது. ஆர்டருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், காத்திருப்பின் செலவு முழுவதும் ஊழியருடையது. நிறுவனத்துக்கு இன்னொரு ஊழியரைச் சேர்ப்பதால் கூடும் செலவு மிகக் குறைவு. ஆனால் ஆள் கூடக் கூட டெலிவரி வேகமாகும், வாடிக்கையாளர் மகிழ்வார். எந்த இடத்தில் ஆள் எடுப்பதை நிறுத்துவது என்று சொல்ல நிறுவனத்தின் கணக்கில் கடிவாளமே இல்லை. ஊழியர்கள் வெறுத்துப்போய் விலகும்போதுதான் அது தானாக நிற்கிறது.

இது ஒரு குடும்பத்தின் கைக்காசை என்ன செய்யும் என்று பார்க்க, உத்தேச எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு பகுதியில் மணிக்கு 90 ஆர்டர். ஒரு டெலிவரிக்கு அரை மணி நேரம். அங்கே 60 பேர் லாகின் செய்திருந்தால் ஆளுக்கு மணிக்கு ஒன்றரை ஆர்டர், பத்து மணி நேரத்தில் 15. ஆர்டருக்கு 45 ரூபாய் என்று வையுங்கள். எடுக்கப் போவதும் கொடுத்துவிட்டுத் திரும்புவதும் சேர்த்து ஆறு கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல், வண்டி 45 கிலோமீட்டர் தருகிறது என்றால் ஆர்டருக்கு 13 ரூபாய் பெட்ரோலுக்கே போகிறது. மிச்சம் 32. பதினைந்துக்கு 480. வண்டி டியூ, ஆயில், டயர், நெட் பேக், வெளியில் ஒரு வேளைச் சாப்பாடு என்று நாளுக்கு 150 ரூபாய் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் போகும். வீட்டுக்குக் கொண்டுபோவது 330.

இப்போது அதே பகுதியில் 90 பேர் லாகின் செய்கிறார்கள். ஆர்டர்கள் கூடவில்லை. ஆளுக்கு நாளைக்குப் பத்து. 320 ரூபாயில் அதே 150 போக, மிஞ்சுவது 170. ஆர்டர் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆனால் வீட்டுக்குப் போகும் பணம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆர்டர் குறைகிறது என்பதற்காக டியூவும் டயர் தேய்மானமும் குறைவதில்லையே. இத்தனைக்கும் நிறுவனம் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் கை வைக்கவில்லை. ‘நாங்கள் ரேட்டைக் குறைக்கவே இல்லை’ என்று அவர்கள் சொன்னால் அது முழு உண்மை. ‘முன்பு கிடைத்ததில் பாதிதான் கிடைக்கிறது’ என்று ஊழியர் சொன்னால் அதுவும் முழு உண்மை. இரண்டு பக்கமும் பொய் சொல்லாமலே சண்டை நடப்பதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

விலைவாசியும் தன் பங்கைச் செய்திருக்கிறது. டெல்லியின் என்.சி.ஏ.இ.ஆர். ஆய்வு நிறுவனம் உணவு டெலிவரி ஊழியர்களைப் பற்றி 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முழுநேரமாக ஓட்டுபவர்களின் வருமானத்தை விலைவாசியோடு சேர்த்துக் கணக்கிட்டால் 2019க்கும் 2022க்கும் இடையில் அது ஏறக்குறைய 11 சதவீதம் சுருங்கியிருந்தது.

வரிசைக் கோட்பாட்டில் இன்னொரு அழகான முடிவு உண்டு. அமைப்பு பெரிதாகப் பெரிதாக, சும்மா நிற்க வேண்டியவர்களின் விகிதம் சுருங்கும். எப்போதும் 100 பேருக்கு வேலை இருக்கும் அளவு ஆர்டர் வருகிறது என்றால், காத்திருப்பைக் கட்டுக்குள் வைக்கக் கூடுதலாகச் சுமார் பத்துப் பேர் வேண்டும். அதாவது நூறின் வர்க்கமூலம். 10,000 பேருக்கு வேலை இருந்தால் கூடுதலாக வேண்டியது ஆயிரமல்ல, வெறும் நூறு. தற்செயலின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. ஒரு தெருவில் ஆர்டர் குறைந்தால் இன்னொரு தெருவில் கூடும். எண்ணிக்கை பெருகும்போது தற்செயல் தன் வீரியத்தை இழக்கிறது. இயற்கையே ஏழைகளுக்காக ஒரு சலுகை வைத்திருப்பது போன்ற முடிவு இது. இந்தக் கணக்குப்படி சென்னை மாதிரி ஒரு பெருநகரத்தில் டெலிவரி ஊழியர்கள் மிகக் குறைவான நேரம்தான் சும்மா நிற்க வேண்டும்.

ஆனால் தாம்பரத்தில் நிற்பவர் திருவொற்றியூர் ஆர்டரை எடுக்க முடியாது. தொலைபேசி இணைப்புகளுக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல, மனிதருக்கும் வண்டிக்கும் அதுதான் எல்லாம். அரை மணியில் கொண்டுவருவோம் என்றால் ஐந்தாறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பவர்கள் ஒரு குழுவாகலாம். பத்து நிமிடம் என்றால் வட்டம் இரண்டு கிலோமீட்டராகச் சுருங்குகிறது. தெருமுனைக் கிடங்குகள் அந்தக் கணக்கில்தான் முளைத்திருக்கின்றன. 10,000 பேர் கொண்ட ஒரே அமைப்பை நூறு பேர் வீதம் நூறு வட்டங்களாக வெட்டினால், ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகப் பத்துப் பேர் வேண்டும். மொத்தத்தில் நூறு பேர் போதும் என்றிருந்த இடத்தில் ஆயிரம் பேர் சும்மா நிற்க வேண்டும். உண்மையான நகரத்தில் இந்த எண்கள் முன்பின்னாகத்தான் இருக்கும், ஆனால் போகும் திசை மாறாது. வாக்குறுதியின் நிமிடங்கள் குறையக் குறைய கூலியில்லாத நேரம் பெருகுகிறது. பத்து நிமிட டெலிவரியால் சாலை விபத்து கூடுமா என்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். அது ஊழியரின் நேரத்தை இப்படி வெட்டிப் போடுவதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை.

ஒரே செயலியில், ஒரே கட்டணத்தில் ஓட்டும் இரண்டு பேருக்குள் வருமானம் ஏன் மாறுகிறது? எந்தப் பகுதி, எந்த நேரம், மழையில் ஓட்டுகிறாரா, இரவு பதினொன்றுக்கு மேல் நிற்க முடிகிறதா, கடைசி டிராப் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதெல்லாம் சேர்கின்றன. பெரும்பாக்கத்தில் ஒரு டிராப் கொடுத்துவிட்டு ஆர்டர் விழும் இடத்துக்குக் காலியாகத் திரும்பி வருவதற்குப் பெட்ரோலும் நேரமும் அவருடையது. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊபர் ஓட்டுநர்களின் தரவை வைத்து 2018இல் பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே கட்டணச் சூத்திரத்துக்கு ஓட்டுவது ஆணா பெண்ணா என்பது தெரியாது. அப்படியிருந்தும் ஆண்கள் மணிக்கு ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம் சம்பாதித்திருந்தார்கள். அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி, ஆண்கள் சற்று வேகமாக ஓட்டியதால் வந்தது. மீதி, செயலியில் பழகிய அனுபவத்தாலும் ஓட்டத் தேர்ந்தெடுத்த இடங்களாலும் வந்தது. பாகுபாடு காட்டும் நோக்கம் யாருக்கும் இல்லாத ஒரு சூத்திரம்கூட வேகத்துக்குப் பரிசும் நிதானத்துக்கு அபராதமும் கொடுக்கிறது என்பது இதில் நான் கவனிக்கும் செய்தி.

இவற்றையெல்லாம் சமமாக்கிவிட்டாலும் தற்செயல் மிஞ்சும். ஒரே திறமையுள்ள நூறு பேருக்கு நாளைக்குச் சராசரி 15 ஆர்டர் என்று வையுங்கள். பாய்சான் கணக்குப்படி எட்டில் ஒருவருக்குப் பத்தோ அதற்கும் குறைவாகவோ விழும். எட்டில் ஒருவருக்கு இருபதோ அதற்கு மேலோ விழும். ஒரு டெலிவரிக்கு அரை மணி ஆவதால் நிஜத்தில் விரிவு இதைவிடக் குறுகலாக இருக்கும். ஆனாலும் ஒரு நாளின் இந்த வித்தியாசத்துக்கு உழைப்பு காரணமல்ல, சோம்பலும் காரணமல்ல. ஒரு மாதத்தில் இது கொஞ்சம் சமனாகிவிடும். அப்படிச் சமனாகவிடாமல் தடுப்பதுதான் இன்சென்டிவ். 16 ஆர்டர் முடித்தால் இவ்வளவு கூடுதல் என்று ஒரு கோடு போடுகிறார்கள். அதே பாய்சான் கணக்கில் நூறில் 43 பேர்தான் அந்தக் கோட்டைத் தொடுவார்கள். பதினைந்தில் நின்றவருக்கும் பதினாறைத் தொட்டவருக்கும் உழைப்பில் வித்தியாசம் ஒரு ஆர்டர், வருமானத்தில் ஒரு நாள் பெட்ரோல் காசு. தற்செயலின் சிறு ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுப் பெரிய பள்ளமாக்கும் ஏற்பாடு இது. இரவு பத்தரைக்கு இன்னும் இரண்டு ஆர்டர் பாக்கி என்று செல்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்பவர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறார்.

அப்படி நிற்கும்போது மனம் என்ன செய்கிறது? எர்ன்ஸ்ட் ஃபேர், லோரன்ஸ் கோட்டே என்ற இரு பொருளியலாளர்கள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சைக்கிளில் தபாலும் பொட்டலமும் கொண்டுசெல்லும் ஊழியர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். 2007இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. குலுக்கலில் தேர்ந்தெடுத்த ஊழியர்களுக்கு நான்கு வாரம் கமிஷனை 25 சதவீதம் உயர்த்தினார்கள். அவர்கள் அதிக ஷிப்ட் எடுத்து ஓட்டினார்கள், இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒவ்வொரு ஷிப்டிலும் அவர்கள் கொண்டுவந்த வசூல் சுமார் 6 சதவீதம் குறைந்தது. நஷ்டத்தை அதிகம் அஞ்சும் இயல்புடையவர்களிடம்தான் இந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் மனதுக்குள் அன்றைய நாளுக்கு ஒரு தொகை இருந்திருக்க வேண்டும், கமிஷன் கூடியதும் அதைச் சீக்கிரம் எட்டிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதன் மறுபக்கத்தை நாம் சென்னையில் பார்க்கிறோம். இங்கே அந்தத் தொகையை நிர்ணயிப்பது மனசு அல்ல, வண்டி டியூவும் வீட்டு வாடகையும். கட்டணம் குறைந்த நாளில் அதை எட்டுவதற்காக ஒருவர் இன்னும் மூன்று மணி நேரம் கூடுதலாக நிற்கிறார். அவரைப் போலவே எல்லோரும் நிற்கிறார்கள். லாகின் எண்ணிக்கை கூடுகிறது, ஆளுக்கு விழும் ஆர்டர் இன்னும் குறைகிறது. வறுமை தன்னைத் தானே வளர்க்கும் வழிகளில் இது ஒன்று.

வேகத்துக்கும் இதேபோல ஒரு சுழற்சி உண்டு. சீனாவின் ‘ரென்வு’ இதழ் 2020 செப்டம்பரில் அதை விரிவாக எழுதி நாட்டையே உலுக்கியது. மூன்று கிலோமீட்டர் டெலிவரிக்கு 2016இல் ஒரு மணி நேரம் கெடு இருந்தது. 2017இல் 45 நிமிடம், 2018இல் 38 நிமிடம். கெடுவைக் கணிக்கும் மென்பொருள், ஊழியர்கள் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறார்கள் என்ற தரவிலிருந்து கற்றுக்கொள்கிறது. அபராதத்துக்குப் பயந்து ஒருவர் எதிர்த்திசையில் ஓட்டி மூன்று நிமிடம் மிச்சப்படுத்தினால், அந்த மூன்று நிமிடம் நாளைக்கு எல்லோருடைய கெடுவிலிருந்தும் கழிகிறது. கட்டுரை வந்த சில நாட்களில் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் ‘ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறேன்’ என்று அழுத்த ஒரு பொத்தான் வைத்தது. இன்னொன்று எட்டு நிமிடம் தளர்வு கொடுத்தது. அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா தன் அரை மணி நேர உத்தரவாதத்தை 1993இல் கைவிட்டதும், விபத்து வழக்கு ஒன்றில் பெருந்தொகை இழப்பீடு விதிக்கப்பட்ட பிறகுதான்.

பணக்கவலை மூளையை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் எழுதியது. கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் கைக்கு வரும். ஒரே விவசாயியிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் உருவப் புதிர்களைக் கொடுத்தார்கள். அறுவடைக்கு முன்பு அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின்பு 4 சதவீதம். புதிர்களில் அறுவடைக்குப் பின்பு அதே மனிதர்கள் தெளிவாக நன்றாகச் செய்தார்கள். மாறியது கையிலிருந்த பணம். ஆனால் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்த 2016 ஆய்வு ஒன்று இப்படி ஒரு வித்தியாசத்தைக் காணவில்லை. எனவே இதை எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாகச் சொல்லிவிட முடியாது.

டெலிவரி ஊழியருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒடிசாவிலிருந்து வருகிறது. அங்கே இலைகளைச் சேர்த்துத் தட்டு தைக்கும் தொழிலாளர்கள், நம் ஊர் மந்தாரைத் தையல் இலை போல. கூலி எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று. ஆய்வாளர் சுப்ரீத் கவுர் குழுவினர் ஒரு பகுதியினருக்குக் கூலியைச் சில நாள் முன்னதாகவே கொடுத்தார்கள். மொத்தக் கூலி மாறவில்லை, கொடுத்த நாள் மட்டுமே மாறியது. பணம் கைக்கு வந்ததும் பலர் உடனே கடனை அடைத்தார்கள். அடுத்த நாட்களில் அவர்களின் உற்பத்தி ஏறக்குறைய 7 சதவீதம் கூடியது. கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. தட்டு தைப்பதில் கவனம் சிதறினால் ஓர் இலை வீணாகும். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு, வட்டிக்காரரின் அழைப்பு மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது கவனம் சிதறினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊழியரின் கடனைச் சாலைப் பாதுகாப்புச் சிக்கலாகவும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காத்திருப்புக்கு ஒரு விலை வைத்தால் என்ன நடக்கும் என்ற சோதனையை ஒரு பெருநகரம் நிஜமாகவே செய்து பார்த்தது. நியூயார்க்கில் 60,000க்கும் மேற்பட்ட உணவு டெலிவரி ஊழியர்கள் இருக்கிறார்கள். நகர நிர்வாகம் நிறுவனங்களிடமிருந்து தரவைக் கேட்டு வாங்கி 2022 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் தரும் டிப்ஸை விட்டுவிட்டால் அவர்களின் வருமானம் மணிக்கு 7.09 டாலர். டிப்ஸ் சேர்த்து 14.18. மின்சைக்கிள், பேட்டரி, செல்பேசிச் செலவு கழித்தால் 11.12. அப்போது அந்த நகரின் குறைந்தபட்சக் கூலி 15 டாலர். நிறுவனங்கள் நீதிமன்றம் போய் இழுத்த பிறகு, மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அது 21.44 ஆனது.

அந்த விதியின் உள்ளே இருந்த கணக்குதான் எனக்கு முக்கியம். நிறுவனங்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்கள். லாகின் செய்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 30 சென்ட் கொடுக்கலாம். அல்லது ஆர்டரை ஏற்றது முதல் கொடுத்து முடிக்கும் வரையுள்ள நிமிடங்களுக்கு மட்டும் சுமார் 50 சென்ட் கொடுக்கலாம். ஒரு மணி நேரத்தில் 36 நிமிடம் ஓட்டம், 24 நிமிடம் காத்திருப்பு என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் 18 டாலரில் வந்து நிற்கின்றன. மணிக்கு 24 நிமிடம் ஒரு மனிதர் நகரத்துக்காகத் தெருவில் காத்திருக்கிறார் என்பதை ஓர் அரசு எண்ணில் எழுதி, அதற்கும் சேர்த்துக் கூலி போட்டது.

பிறகு நடந்தது எர்லாங் எதிர்பார்த்திருக்கக் கூடியதே. சும்மா நிற்பவருக்குக் காசு போகிறது என்றதும் நிறுவனங்கள் அவர்களை எண்ணத் தொடங்கின. ஆர்டர் குறைந்த நேரத்தில் லாகினைக் கட்டுப்படுத்தின. வாடிக்கையாளர் கட்டணத்தை உயர்த்தின. டிப்ஸ் கேட்கும் திரையை ஆர்டர் முடிந்த பிறகு வருமாறு மாற்றின, டிப்ஸ் குறைந்தது. லாகின் கிடைக்காமல் வெளியே நின்றவர்களுக்கு இது உண்மையான இழப்பு, அதை மறைத்துவிட்டு இந்த விதியைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனாலும் அதுவரை எந்த நேரத்திலும் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று திறந்து வைத்திருந்த கதவு, காத்திருப்புக்கு விலை வந்ததும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்தத் தாராளத்துக்கான செலவை அதுவரை ஊழியர்களே ஏற்றுவந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் என்ன இருக்கிறது? நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, செயலி சார்ந்தும் தற்காலிகமாகவும் உழைப்பவர்கள் 2020-21இல் 77 லட்சம் என்றும் 2029-30க்குள் 2.35 கோடி ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, ஊழியர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அது. ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் போட்டது. கர்நாடகம் 2025இல் போட்ட சட்டம் ஊழியரை நீக்கும் முன் 14 நாள் அறிவிப்பும் காரணமும் கேட்கிறது. தமிழ்நாடு 2023 டிசம்பரில் தனி நலவாரியம் அமைத்தது. மின்ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியத்தை 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அதே ஆண்டு சென்னை மாநகராட்சி இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. விபத்துக்கு, நோய்க்கு, வெயிலுக்கு இவை உதவும், ஒவ்வொன்றும் தேவையானது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட லாகின் செய்து காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி தருவதில்லை. அந்த ஓய்வறையில் உட்கார்ந்து ஆர்டருக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கும் கூலி பூஜ்யம்தான்.

தமிழ்நாட்டு நலவாரியத்துக்கு என் கோரிக்கை இது. ஒவ்வொரு நிறுவனத்திடமும் மாதந்தோறும் இரண்டு எண்களைக் கேளுங்கள்: ஊழியர்கள் லாகின் செய்திருந்த மொத்த மணி நேரம், அதில் ஆர்டரோடு ஓடிய மணி நேரம். பகுதிவாரியாக வாங்கி வெளியிடுங்கள். ஒவ்வோர் ஆர்டரையும் நொடிக்கணக்கில் பதிவு செய்யும் நிறுவனங்களிடம் இந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. நியூயார்க் தன் விதியை எழுதும் முன் கேட்டு வாங்கியதும் இந்தத் தரவைத்தான். அவை கையில் வந்துவிட்டால், லாகின் நேரத்துக்கு ஒரு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கத் தேவைப்படும் கணிதம் ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும்தான்.